ரெடி குக்கி மாவு: இரண்டாவது ஈட்டில் எல்லோரும் செய்கிற தப்பு

டிசம்பர் வந்துவிட்டால் நியூ ஜெர்சியில் எங்கள் அபார்ட்மென்ட் படிக்கட்டெல்லாம் வெண்ணெய் வாசனைதான். பிள்ளைகள் பள்ளியில் குக்கி பரிமாற்றம், ஆபீசில் பாட்லக், எதிர்வீட்டு அமெரிக்கப் பாட்டிக்கு ஒரு டப்பா. வேலைக்கும் போய்க்கொண்டு மாவு பிசைந்து செய்ய யாருக்கு நேரம், பால் தயிர் இருக்கிற ஃப்ரிட்ஜ் வரிசையில் கிடைக்கும் பில்ஸ்பரி அல்லது டோல் ஹவுஸ் மாவைத்தான் எல்லோரும் எடுக்கிறோம், நானும்தான். வெட்டு, வை, சுடு. இவ்வளவுதான் வேலை. ஆனாலும் புதிதாகச் செய்கிறவர்கள் ஒவ்வொருவரும் நான் அந்தக் காலத்தில் சறுக்கிய அதே இடத்தில் வரிசையாகச் சறுக்குவதைப் பார்த்தால் சும்மா இருக்க முடியவில்லை. ஓவனை முதலில் சூடாக்குங்கள், தேதியைப் பாருங்கள் என்பதெல்லாம் உறையிலேயே இருக்கிறது, அதை நான் வேறு சொல்ல வேண்டியதில்லை.

சூடான ட்ரேயில் அடுத்த ஈடு

எரிச்சலான எரிச்சல் எனக்கு இதில்தான்.

போன வருஷம் மாடி வீட்டுப் பெண் கூப்பிட்டாள் என்று போயிருந்தேன். முதல் ஈடு அருமையாக வந்திருந்தது. அதைத் தட்டில் எடுத்து வைத்த கையோடு, துணியால் பிடித்தால்கூடக் கை சுடுகிற அதே ட்ரேயில் அடுத்த வில்லைகளை மளமளவென்று அடுக்கினாள். "ஏம்மா, ஆறட்டுமே" என்றேன். "ட்ரே சூடா இருந்தா இன்னும் சீக்கிரம் வேகும்ல அக்கா" என்றாள். கடைசி வில்லையை வைப்பதற்குள் முதல் வில்லையின் ஓரம் எண்ணெய் மினுங்கி, தளர்ந்து, கீழே வழிய ஆரம்பித்துவிட்டது. ஓவனைத் திறந்து பார்த்தபோது பன்னிரண்டும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே தகடு. ஓரம் கருப்பு, அடி கருகல், நடுவில் சாக்லேட் துண்டுகள் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கின்றன. ராத்திரி பத்து மணி, மறுநாள் காலை பள்ளிக்குக் கொடுத்தனுப்ப வேண்டும், பாதி பாக்கெட் குப்பையில். அவள் சொன்ன தீர்ப்பு: "இந்த பிராண்டே சரியில்லக்கா."

பிராண்ட் என்ன செய்யும் பாவம். நம் கைக்குப் பழக்கம் தோசைக்கல். கல் காய்ந்தால்தான் மாவு ஊற்றுவோம், அதுதான் சரி, ஏனென்றால் தோசை மாவில் இருப்பது தண்ணீரும் அரிசியும் உளுந்தும். சூடு பட்டதும் இறுகும். குக்கி மாவில் கொழுப்பும் சர்க்கரையும்தான் ஆட்சி. வெண்ணெய் 35 டிகிரி செல்சியஸ் பக்கம் வந்தாலே உருகிவிடும். முட்டையும் மாவும் இறுகி உருவத்தைப் பிடித்து நிறுத்த அதைவிட ரொம்ப அதிகச் சூடு வேண்டும். ஓவனுக்குள் போன பிறகும் குக்கி பரவத்தான் செய்யும், ஆனால் குளிர்ந்த மாவு குளிர்ந்த ட்ரேயில் போனால் அது பரவி முடிவதற்குள் ஓரம் இறுகிவிடும். சூடான ட்ரேயில் வைத்தால் பரவல் மேடையிலேயே ஆரம்பமாகிவிடுகிறது, அப்புறம் ஓவன் என்ன செய்தும் பிடிக்க முடியாது. ரெடி மாவு பலவற்றில் வெண்ணெய்க்குப் பதில் பாமாயில் போன்ற கொழுப்பு இருக்கும். அது வெண்ணெயைவிடக் கொஞ்சம் அதிகச் சூடு தாங்கும், அவ்வளவுதான். அப்போதே ஓவனிலிருந்து எடுத்த ட்ரேக்கு அதுவும் தாங்காது.

சரி, என்ன செய்வது? இரண்டு ட்ரே வாங்கிவிடுங்கள், மாற்றி மாற்றி வையுங்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால், அடியில் உள்ளங்கையை வைத்து எடுக்காமல் இருக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த ஈட்டை வையுங்கள். அவசரம் என்று சுடச்சுட ட்ரேயைக் குழாயடியில் காட்டாதீர்கள், மெல்லிய தகடு டப்பென்று வளைந்துவிடும், பிறகு அதில் எதை வைத்தாலும் ஒரு பக்கம் சரியும். ட்ரே ஆறுகிற நேரத்தில் வில்லைகளை ஓவன் சூட்டைத் தாங்கும் ஒரு பார்ச்மென்ட் தாளில் அடுக்கி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால், ஆறியதும் தாளோடு இழுத்து வைத்துவிடலாம்.

மிச்ச மாவும் ஃப்ரிட்ஜில்தான் இருக்க வேண்டும், குக்கர் விசில் அடிக்கிற அடுப்புப் பக்கத்தில் இல்லை. இன்னொன்று, மாவைக் கண்டால் நம் கை தானாகச் சீடை உருட்டப் போகும். உருட்டாதீர்கள். உள்ளங்கைச் சூடே போதும் அதை இளக்க. கத்தியால் வெட்டி அப்படியே வையுங்கள், ஏற்கெனவே இளகிவிட்டதென்றால் கால் மணி நேரம் ஃப்ரீசரில்.

கெட்டியாகட்டும் என்று காத்திருப்பது

வெந்த குக்கி ஓவனுக்குள் மெத்தென்றுதான் இருக்கும். ஓரம் பொன்னிறமாகி, நடு வெளிறி, லேசாக உப்பியிருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். தொட்டுப் பார்த்து "இன்னும் வேகலை" என்று மூன்று நிமிடம் கூட விட்டால், ஆறியதும் பல்லை உடைக்கும். வெளியே எடுத்து ட்ரேயிலேயே இரண்டு நிமிடம் விட்டால் தானாக இறுகும். உறையில் 11 முதல் 14 நிமிடம் என்று இருந்தால் பத்தாவது நிமிடமே எட்டிப் பாருங்கள். ட்ரே கருப்பு நிறம் என்றால் அடி சீக்கிரம் சிவக்கும், 25 டிகிரி ஃபாரன்ஹீட் குறைத்துக்கொள்ளுங்கள்.

350

ஓவன் சூடு, ஃபாரன்ஹீட்டில். ஊரில் ஓடிஜி வைத்திருக்கும் தங்கைகளுக்கு: 175 செல்சியஸ்.

வாக்ஸ் பேப்பர்

பார்ச்மென்ட் வேறு, இது வேறு. மெழுகு உருகிப் புகையும். வேண்டாம்.

பச்சை மாவை வழித்துத் தின்பது

பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள். பச்சை முட்டைதான் ஆபத்து என்று நினைத்துக்கொண்டு, "முட்டை இல்லாத மாவுதானே" என்று சிலர் கொடுத்தும் விடுகிறார்கள். 2009-ல் டோல் ஹவுஸ் ஃப்ரிட்ஜ் மாவைப் பச்சையாகத் தின்றதில் அமெரிக்காவின் 30 மாநிலங்களில் 72 பேருக்கு ஈ.கோலை என்ற பாக்டீரியாத் தொற்று வந்தது, அதைத் தயாரிக்கும் நெஸ்லே நிறுவனம் மாவைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றது. அப்போது சந்தேகம் விழுந்தது முட்டை மேல் இல்லை, வேகாத கோதுமை மாவின் மேல். அதன் பிறகு 2010-ல் அந்த நிறுவனம் சூடுபடுத்திப் பக்குவம் செய்த கோதுமை மாவுக்கு மாறப்போவதாக அறிவித்தது. இப்போது சில பாக்கெட்டுகளில் பச்சையாகவே சாப்பிடலாம் என்று அச்சிட்டே வருகிறது. அந்த வரி உறையில் இருந்தால் கொடுங்கள், இல்லாவிட்டால் எவ்வளவு அழுதாலும் கொடுக்காதீர்கள்.

நம்ம ருசிக்கு மாற்றுகிறேன் என்று

ஏலக்காய்த் தூள் மேலே தூவலாம், முந்திரியை வில்லை மேல் அழுத்தி வைக்கலாம். உள்ளே சேர்த்துப் பிசைய வேண்டாம், காரணம் மேலே சொன்ன உள்ளங்கைச் சூடுதான். "மணமாக இருக்கட்டும்" என்று ஒரு ஸ்பூன் நெய் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் முதல் ஈடே தகடாகத்தான் வரும், ட்ரே எவ்வளவு குளிர்ந்திருந்தாலும்.