படம் எடுத்து, எழுதி, கற்றுக்கொடுத்துப் பிழைக்க ஒரு வழி

தூத்துக்குடியில் கல்யாணப் படம் எடுப்பது என் தொழில். பத்திரிகைகளுக்கு எழுதுவதும் ஞாயிற்றுக்கிழமை புகைப்பட வகுப்பு எடுப்பதும் அதன் கூடவே வளர்ந்தவை. “மூணையும் எப்படி மேடம் சமாளிக்கிறீங்க?” என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மூன்றும் தனித்தனி வேலை என்று நினைத்தால் யாராலும் சமாளிக்க முடியாது. ஒரு காலையில் எடுத்த படத்திலிருந்தே கட்டுரையும் வர வேண்டும், பாடமும் வர வேண்டும். மூன்றையும் சேர்த்துக் கட்டுவது கேமரா பையின் பக்கவாட்டில் கிடக்கும் ஒரு குறிப்பு நோட்டு. எந்தக் கேமரா வாங்கலாம் என்ற பேச்சு இதில் வராது.

முதலில் காலண்டர்

புது வருடக் காலண்டர் கைக்கு வந்ததும் முகூர்த்த நாட்களை வட்டமிடுங்கள். அப்புறம் வட்டமில்லாத மாதங்களைப் பாருங்கள். ஆடியிலும் மார்கழியிலும் இந்துக் குடும்பங்களில் கல்யாணம் இருக்காது. புரட்டாசியிலும் பலர் வைப்பதில்லை. எங்கள் ஊரில் கத்தோலிக்கர்கள் அதிகம். அவர்களுக்குத் தவக்காலமும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலமும் விலக்கு. ஆக, டிசம்பர் பாதியிலிருந்து கிறிஸ்துமஸ் வரை கல்யாணக் கேமராவுக்கு வேலையே கிடையாது. புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்கள் இந்த மாதங்களில்தான் கடன் வாங்குகிறார்கள்.

நான் ஆடியில் வகுப்பு வைக்கிறேன். பனிமய மாதா கோயில் திருவிழாவும் அப்போதுதான்: ஜூலை 26 கொடியேற்றம், ஆகஸ்ட் 5 திருநாள். கூட்டம், கொடி, மெழுகுவர்த்தி வெளிச்சம் என்று மாணவர்களுக்கு இதைவிடப் பெரிய பயிற்சிக்கூடம் கிடைக்காது. மார்கழி எழுத்துக்கு. பொங்கல் மலருக்கு ஏதாவது இருக்கிறதா என்று பத்திரிகை ஆசிரியர்கள் கேட்பதும் அதற்குச் சற்று முன்னால்தான். தவக்காலம் மாசி, பங்குனி பக்கம் வரும். அந்த நாட்களை நான் உப்பளத்துக்கு வைத்துக்கொள்கிறேன். வைகாசி, ஆவணி, தை மூன்றிலும் யாருக்கும் கட்டுரை தருவதாக வாக்குக் கொடுக்காதீர்கள். மண்டபத்தில் மேடைக்குக் கீழே உட்கார்ந்து கட்டுரை எழுத முடியாது.

உப்பளத்தில் ஒரு காலை

மூன்று வேலையும் ஒன்றாவது எப்படி என்பதை ஒரே ஒரு காலையை வைத்துச் சொல்கிறேன். உங்கள் ஊரில் உப்பளம் இல்லையென்றால் செங்கல் சூளை, பூ மார்க்கெட், தறிக்கூடம் என்று எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்பப் போக முடிகிற தூரத்தில் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

இங்கே உப்பு விளைவது தை, மாசியில் தொடங்கி வடகிழக்குப் பருவமழை வரும்வரை. வெயிலுக்கு முந்திக்கொள்ள ஆட்கள் இருட்டிலேயே இறங்கிவிடுவார்கள். ஏழு மணிக்குப் போய் நின்றால் பாதி வேலை முடிந்திருக்கும். முதல் நாள் சாயங்காலமே போய்க் கணக்கப்பிள்ளையிடம் பேசிவிடுங்கள். மறுநாள் வேலை செய்கிறவர்களிடமும் தனியாகக் கேளுங்கள். கணக்கப்பிள்ளை தலையாட்டியது அவர்களுடைய சம்மதம் ஆகாது. வரப்பில் மட்டும் நடங்கள். பாத்திக்குள் காலை வைத்தால் சேறு கிளம்பி உப்பு அழுக்காகும். ஒரு வாரம் வெயில் காய்ந்து விளைந்தது உங்கள் கால்தடத்தால் கெடும்.

உப்பு வெள்ளை என்பது கேமராவுக்குத் தெரியாது. எதிரே எது இருந்தாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டுதான் வெளிச்சத்தை அளக்கிறது. அது சொன்னபடி எடுத்தால் உப்புக் குவியல் சிமென்ட் குவியல் மாதிரி வரும். கேமரா அளந்ததைவிட வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1-இல் வைத்துத் தொடங்குங்கள். படம் முழுக்க உப்பு என்றால் +1.7 வரைகூடப் போகலாம். ஹிஸ்டோகிராம், அதாவது படத்தின் இருட்டையும் வெளிச்சத்தையும் காட்டும் வரைபடம், வலது ஓரத்தை நெருங்க வேண்டும், முட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில் எடுப்பது நல்லது, பிறகு திருத்த இடம் இருக்கும். செல்போன் என்றால் திரையில் உப்பைத் தொட்டதும் ஒரு சூரியன் குறி வரும். அதை மேலே தள்ளுங்கள்.

இன்னொரு விஷயம். வெள்ளைத் தரை கீழிருந்து வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். தலைத்துண்டு நிழலில் இருக்கிற முகம்கூட விடிந்த கொஞ்ச நேரத்தில் அழகாகத் தெரிவது அதனால்தான். ரிஃப்ளெக்டர் தூக்கிப் போக வேண்டாம். வெயில் ஏறியதும் அதே வெளிச்சம் தாடைக்குக் கீழிருந்து அடித்து முகத்தைக் கெடுத்துவிடும். அப்போது கேமராவை மூடிவிடுங்கள். எழுதுகிற நேரம் வந்துவிட்டது.

அளத்துக்குள் லென்ஸ் மாற்றாதீர்கள், 35 எம்எம் ஒன்று போதும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துக் கெட்டியாகப் பிழிந்த துணியால் கேமராவைத் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடையுங்கள். ட்ரைபாட் கொண்டுபோயிருந்தால் அதன் திருகுகளை மறக்க வேண்டாம். உப்புக் காற்று முதலில் அதைத்தான் தின்னும்.

சரி, நோட்டில் என்ன எழுதுவது? என் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது:

“மாசி. இன்னும் வெளுக்கவில்லை. வாருபலகையின் பிடி மூங்கில், கை படும் இடம் மட்டும் பளபளப்பு. இழுக்கும்போது சரக் சரக் சத்தம், நடுவில் தண்ணீர்ச் சத்தம். அக்கா இடது காலில் மட்டும் சாக்ஸ். ஏன் என்று கேட்டேன். ‘வலது கால்ல புண்ணு இல்லையே பிள்ள.’ படம் போடலாம், பேர் வேண்டாம் என்றார். விடிந்ததும் தட்டுமேட்டுக்கு (உப்பைக் குவிக்கும் மேடு) கிழக்கே நின்று எடுத்தேன், சூரியன் முதுகுப் பக்கம்.”

பெரிய எழுத்து ஒன்றும் இல்லை. மாதம், நேரம், நான் நின்ற இடம், காதில் விழுந்தது, அவர் சொன்ன ஒரு வாக்கியம், சம்மதம் உண்டா இல்லையா. இவ்வளவையும் அளத்தை விட்டுக் கிளம்பும் முன்னே எழுதிவிட வேண்டும். மறுநாள் எழுதினால் சாக்ஸ் எந்தக் காலில் என்பதே சந்தேகமாகிவிடும். கருவிகளின் பெயரை அங்கிருப்பவர்களிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து தேடினால் கிடைக்காது. கல்யாணத்தில் நோட்டை எடுக்க நேரமிருக்காது. பந்தியில் உட்காரும்போது செல்போனில் பேசிப் பதிவு செய்துவிடுகிறேன். பக்கத்து இலைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

குறிப்பிலிருந்து கட்டுரை

அன்று ராத்திரியே ஐந்து படம் பொறுக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று வாக்கியத்தில் படக்குறிப்பு எழுதுங்கள். விதி ஒன்றுதான்: படத்தில் தெரிவதை எழுதாதீர்கள். ஒரு பெண் உப்பு வாருகிறார் என்பது தெரிகிறது. “உழைக்கும் கரங்கள்” என்று கீழே போட்டால் படத்துக்கும் கேடு, அவருக்கும் மரியாதை இல்லை. சாக்ஸ் தெரிகிறது, அது ஏன் ஒரு காலில் மட்டும் என்பது தெரியவில்லை. அதை எழுதுங்கள். படத்தைத் தாண்டிப் போன வாசகர் திரும்பி வந்து அந்தக் காலைப் பார்ப்பார்.

ஐந்து குறிப்பையும் வரிசைப்படுத்தி நடுவில் ஒட்டுப் போட்டால் ஒரு கட்டுரையின் எலும்புக்கூடு தயார். மார்கழியில் அதற்குச் சதை வைத்தால் போதும். வெற்றுத்தாளை முறைத்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. தமிழில் தட்டச்சு வேகமாக வராதவர்கள் செல்போனில் பேசி எழுத வையுங்கள். பிழை நிறைய வரும், உட்கார்ந்து திருத்துங்கள்.

பத்திரிகைக்கு அனுப்பும்போது படங்களைச் சின்ன அளவில், 1500 பிக்சல் அகலத்தில், முதலில் அனுப்புங்கள். படக்குறிப்பைத் தனித் தாளில் மட்டும் தராமல் ஒவ்வொரு படத்தின் மெட்டாடேட்டாவிலும், அதாவது ஃபைலுக்குள்ளேயே பதிந்திருக்கும் விவரத்திலும், ஏற்றிவிடுங்கள். படம் ஒரு கை, கட்டுரை ஒரு கை என்று ஆபீசுக்குள் பிரிந்து போகும். அப்போது உப்பளத்து அக்காவின் படத்துக்குக் கீழே வேறு யாருடைய கதையாவது வந்து உட்கார்ந்துவிடும்.

எழுதுவதற்கு ஒரு கெடு வைத்துக்கொள்வது நல்லது. நம்மூரில் இதற்கு மா. கிருஷ்ணனைவிடப் பெரிய உதாரணம் கிடையாது. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தவர். ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950-இல் தொடங்கிய பத்தியை 1996-இல் இறக்கும்வரை எழுதினார், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. தமிழிலும் எழுதினார், படமும் வரைந்தார். அவருடைய பொறுமை நமக்கு வராது. இரண்டு வாரக் கெடுவையாவது எடுத்துக்கொள்ளலாம். வெளியிட ஆள் இல்லாவிட்டாலும் ஒரு நண்பருக்கு அனுப்புங்கள்.

வேட்டியும் குடையும்

என் முதல் வகுப்பில் வெளிச்சத்தைத் தீர்மானிக்கும் அப்பர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ முக்கோணத்தைப் பலகையில் வரைவதில்லை. வரைந்தால் எல்லாரும் நோட்டில் எழுதிக்கொள்வார்கள், ஒருவரும் படம் எடுக்க மாட்டார்கள்.

மொட்டை மாடிக் கொடியில் ஒரு வெள்ளை வேட்டியைக் காயப்போடுகிறேன். பக்கத்தில் ஒரு கறுப்புக் குடையை விரித்து வைக்கிறேன். படம் முழுக்க வேட்டி மட்டும் வருகிற மாதிரி ஒன்று, குடை மட்டும் வருகிற மாதிரி ஒன்று எடுக்கச் சொல்வேன். காம்பன்சேஷனைத் தொடக் கூடாது. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேட்டி மங்கிச் சாம்பலாக இருக்கும், குடை வெளுத்துச் சாம்பலாக இருக்கும். ஒரு நிமிஷம் யாரும் பேச மாட்டார்கள், அப்புறம் எல்லாரும் சேர்ந்து பேசுவார்கள். இப்போது வேட்டிக்குக் கூட்டு, குடைக்குக் குறை என்றால் உடனே புரிகிறது. செல்போன்கள் சில தாமே சரிசெய்துவிடும், அதனால் வகுப்பில் ஒரு பழைய கேமராவையாவது வைத்திருங்கள். உப்பளத்தில் கண்டதைத்தான் மாடியில் பாடமாக்கியிருக்கிறேன். மாப்பிள்ளை வேட்டியும் மணப்பெண்ணின் அரக்குப் பட்டும் ஒரே படத்தில் வரும்போது என்ன செய்வது என்று அடுத்த கேள்வி தானாக வரும். அது இரண்டாவது வகுப்பு.

எட்டுப் பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். துறைமுகத்தில் ஓய்வுபெற்ற சாரும் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) படிக்கிற பையனும் ஒரே வகுப்பில் இருந்தால் நல்லது. சார் பொறுமையாகக் காத்திருப்பார், பையன் தரையில் படுத்து எடுப்பான், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். விமர்சன வகுப்புக்குப் படங்களைச் சின்ன அளவில் பிரிண்ட் போட்டு வரச் சொல்லுங்கள். செல்போன் திரையில் எல்லாப் படமும் நன்றாகத்தான் இருக்கும். மேஜையில் பரப்பியதும் எடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது. மற்றவர்கள் தமக்குத் தெரிவதைச் சொல்லட்டும். கடைசியில் எடுத்தவர் தன் குறிப்பைப் படிப்பார். குறிப்புக்கும் மற்றவர்கள் கண்டதுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைப் பற்றித்தான் மீதி நேரம் முழுக்கப் பேசுவோம். நல்ல படம், கெட்ட படம் என்று மார்க் போடுகிற வேலை எனக்குப் பிடிக்காது.

உரிமையும் பணமும்

கல்யாணப் படத்தை வகுப்பில் காட்டலாமா, கட்டுரையில் போடலாமா? பெரும்பாலான கேமராக்காரர்கள் “நான் எடுத்தது, என்னுடையது” என்று நினைக்கிறார்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு வேறு மாதிரி சொல்கிறது. காசு கொடுத்து எடுக்கச் சொன்னவரே படத்தின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாத வரைக்கும். அதனால் புக்கிங் தாளிலேயே ஒரு வரி சேருங்கள்: இந்தப் படங்களை எழுத்துக்கும் வகுப்புக்கும் பயன்படுத்த அனுமதி உண்டு, இல்லை என்று இரண்டு கட்டம். மணப்பெண்ணையே கேட்டு டிக் வாங்குங்கள், பெரியப்பாவை அல்ல. உப்பளம் மாதிரி நீங்களாகப் போய் எடுத்த படத்தில் உரிமை உங்களுடையது, ஆனாலும் அவர்களிடம் வாங்கிய சம்மதம் நோட்டில் இருக்க வேண்டும். அடுத்த முறை போகும்போது பிரிண்ட் கொண்டுபோங்கள்.

கல்யாணப் பணத்தை மூன்றாகப் பிரியுங்கள்: புக்கிங்கின்போது ஒரு பங்கு, கல்யாணத்துக்கு முன்னால் பெரிய பங்கு, படங்களைக் கொடுக்கும்போது மீதி. ஆல்பத்தோடு மீதியைக் கட்டாதீர்கள். ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுப்பதற்குள் முதல் குழந்தை பிறந்துவிடுகிற வீடுகள் உண்டு. வகுப்புக் கட்டணத்தை முதல் நாளே வாங்கிவிடுங்கள். மூன்று வரவையும் ஒரே கணக்கில் எழுதுங்கள். வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டும். கல்யாணம் தனி, வகுப்பு தனி என்று பிரித்துக் காட்ட முடியாது, எல்லாம் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். எனக்கு லென்ஸ் கல்யாணப் பணத்தில் வருகிறது, ஹார்ட் டிஸ்க் வகுப்புப் பணத்தில் வருகிறது. எழுத்துப் பணம் பெட்ரோலுக்குச் சரியாகப் போகும், அதை நம்பி தவணையில் எதையும் வாங்காதீர்கள்.

ஹார்ட் டிஸ்க் என்றதும் ஞாபகம் வருகிறது: எப்போதும் இரண்டாக வாங்குங்கள். ஒன்று உங்கள் மேஜையில், இன்னொன்று வேறு வீட்டில். என்னுடைய இரண்டாவது டிஸ்க் அம்மா வீட்டு பீரோவில் இருக்கிறது. மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் ஏறுகிற ஊர் இது. அம்மா இருப்பது மாடி வீடு.