630001: காரைக்குடி பின்கோடை அக்குவேறு ஆணிவேறா பிரிக்கிறது எப்படி

பெரிய நம்பர் ஒண்ணை உடைச்சுப் பார்க்க, அதாவது எந்தெந்த ப்ரைம் நம்பரை (1லயும் தன்னாலயும் மட்டுமே மீதியில்லாம வகுபடுறது) பெருக்கினா அது வரும்னு கண்டுபிடிக்க, ஆப் எல்லாம் வேணாம், பேப்பரும் பேனாவும் போதும், கூரியர்காரங்ககிட்ட தினம் சொல்ற நம்ம காரைக்குடி பின்கோடு 630001ஐயே எடுத்துக்குவோம்.

மொதல்ல லேசானதை முடிச்சிருங்க. கடைசி இலக்கம் 1, அதனால 2ம் 5ம் அவுட். இலக்கத்தை எல்லாம் கூட்டினா 10, அப்போ 3ம் 9ம் அவுட். இந்த 9 சமாச்சாரம் வேற எடத்துலயும் உதவும், கானாடுகாத்தான் 630103ஐ அவசரத்துல 630013னு எழுதிட்டா வித்தியாசம் 90, ரெண்டு இலக்கம் இடம் மாறினா வித்தியாசம் எப்பவுமே 9ல மீதியில்லாம போகும், கடைப் பேரேடு டேலி ஆகலைன்னா 9ல வகுத்துப் பார்க்கச் சொல்றது இதுக்குத்தான்.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடிச்சது. நம்பரை மூணு மூணு இலக்கமா வெட்டிக் கழிங்க: 630 - 001 = 629. இந்த 629 ஏழுல போனா முழு நம்பரும் போகும், 11க்கும் 13க்கும் அதே கதைதான், ஏன்னா 7 × 11 × 13 = 1001. 629 இந்த 7, 11, 13 எதுலயும் போகல. ஆனா அழகப்பா யுனிவர்சிட்டியோட 630003க்குப் போட்டா 627 வரும், அது 11 × 57, உடனே மாட்டிக்கும். ஒண்ணு, 629 = 17 × 37னு பார்த்துட்டு 630001ம் 17ல போகும்னு குதிக்காதீங்க, மீதி 15 நிக்கும், இந்த வித்தை அந்த மூணு பேருக்கு மட்டும்தான்.

இதுக்கு மேல குறுக்கு வழி இல்ல, 17, 19, 23னு ப்ரைம் ப்ரைமா வகுத்துட்டே போகணும். எதுவும் சிக்கலைன்னா 793க்கு மேல போக வேணாம், 794ஓட வர்க்கமே 630436 ஆயிருது. நல்லவேளை 67லயே சிக்கிருது: 67 × 9400 = 629800, மிச்சம் 201, அது 67 × 3. ஆக 67 × 9403. இந்த 9403 இன்னும் உடையுமா? 97 × 97 = 9409, அதனால 67லேர்ந்து 89 வரைக்கும் பார்த்தா போதும், கீழ உள்ளதெல்லாம் ஏற்கனவே கழிஞ்சு போச்சு. 79ல மீதி வெறும் 2, மயிரிழைல தப்பிச்சிருச்சு. ப்ரைம்தான்.

பிரெஞ்சு கணித மேதை ஃபெர்மா வேற மாதிரி பண்ணுவாரு, நம்பரை விடக் கொஞ்சம் பெரிய வர்க்கத்துலேர்ந்து நம்பரைக் கழிச்சு, மிச்சமும் வர்க்கமா வருதான்னு பார்க்கிறது. வந்தா, ரெண்டு வர்க்கத்தோட மூலத்தையும் கழிச்சா ஒரு துண்டு, கூட்டினா இன்னொரு துண்டு. அவர் 1643ல உடைச்ச 2,02,76,51,281க்கு 45030ல ஆரம்பிச்சா பன்னெண்டாவது தடவையிலயே 45041ல மாட்டிரும், மிச்சம் 1020ஓட வர்க்கம், விடை 44021 × 46061. நம்ம பின்கோடுக்கு 795ஓட வர்க்கம் 632025, கழிச்சா 2024, அடடா 2025ஆ இருந்திருந்தா 45 × 45! ஒண்ணுல போச்சு. 67ம் 9403ம் அவ்வளவு தள்ளி இருக்கிறதால இந்த வழியில 4735 வரைக்கும் ஏறணும், யாருக்கு அந்தப் பொறுமை.

பெருசா வேணும்னா பின்கோடை அடுத்தடுத்து ரெண்டு தடவை எழுதுங்க, 630001630001, அதாவது 63,000 கோடியே 16 லட்சத்து 30 ஆயிரத்து 1. பார்த்து மிரளாதீங்க, 630001 × 1000001 அவ்வளவுதான், 1000001ங்கிறது 101 × 9901, ஆக மொத்தம் 67 × 101 × 9403 × 9901. எந்த ஆறு இலக்க நம்பரை இப்படி எழுதினாலும் 101ம் 9901ம் இலவசமா வரும்.

630002ஐ நீங்களே உடைச்சுப் பாருங்க, மொத்தம் நாலு ப்ரைம், பெருசு 281.