நலச்சங்கத்துக்கு மெயில் குழுவா, இணைய மன்றமா?

குடியிருப்போர் நலச்சங்கத்துக்கு மெயில் குழுவா, இணைய மன்றமா என்று மண்டையை உடைத்துக்கொள்ளாமல் கூகுள் குரூப்ஸில் ஒன்று தொடங்கிவிடுங்கள், காசு கிடையாது, இரண்டு வேலையையும் அதுவே பார்க்கும். திருநகரில் இருக்கும் ரிட்டயர்டு சார் வந்த மெயிலுக்கு ரிப்ளை அடித்தால் போதும். துபாயில் இருக்கும் வீட்டுக்காரர் தன் கூகுள் கணக்கில் நுழைந்து பழைய பேச்சையெல்லாம் தேடிப் படிக்கலாம். "பாதாளச் சாக்கடை, மூன்றாவது தெரு" என்று தலைப்புப் போட்டு ஆரம்பித்தால் பதில்களெல்லாம் அதன் கீழேயே வந்து சேரும், மாநகராட்சிக்குக் கொடுத்த மனுவின் நகலை ஆறு மாசம் கழித்துத் தேடினாலும் கிடைக்கும் (வாட்ஸ்அப்பில் அது குட்மார்னிங் படங்களுக்கு அடியில் புதைந்திருக்கும்). இப்படிப் பழையதைத் தேடி எடுக்க, கூகுள் குரூப்ஸில் உரையாடல் வரலாறு என்கிற செட்டிங் ஆனில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் வெறும் மெயில் குழுதான். மெயில் குவிகிறது என்று புலம்புகிறவர்கள் டைஜஸ்ட் முறைக்கு மாறினால் 25 வரை ஒரே மெயிலாகக் கட்டி வரும்.

இன்றைக்குத் தண்ணி எத்தனை மணிக்கு, லாரி எந்தத் தெருவில் நிற்கிறது மாதிரி விஷயத்துக்கெல்லாம் இது ஆகாது, அதற்கு வாட்ஸ்அப்தான் சரி. அப்புறம், உறுப்பினர்களில் பாதிப்பேர் மெயிலையே திறப்பதில்லை என்றால் இந்த வேலையே வேண்டாம்.