பழைய துப்பாக்கிக்கு எந்த மருந்து, எந்தத் தோட்டா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கம் பயிர்ப் பாதுகாப்புக்கென்று உரிமம் வாங்கிய பழைய துப்பாக்கி இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. தாத்தாவுக்குப் பிறகு அப்பா, அப்புறம் மகன் என்று உரிமம் மாறி வரும். அந்தக் குழல் எந்த மருந்தைத் தாங்கும் என்ற விவரம் மட்டும் பல நேரம் தாத்தாவோடு போய்விடுகிறது.

எல்லாவற்றிலும் மோசமான தவறு மருந்தை மாற்றுவது. முன்வாய் வழியாகக் கெட்டிக்கிற ஒற்றைக்குழல் கரிமருந்துக்காக, அதாவது கரி, கந்தகம், வெடியுப்பு கலந்த பழைய மருந்துக்காகச் செய்தது. கரிமருந்து கிடைக்கவில்லை என்று 12 போர் (குழலின் உள்ளளவைக் குறிக்கும் எண்) தோட்டாவைப் பிரித்து அதிலுள்ள மருந்தைக் கொட்டிக் கெட்டிப்பவர்கள் உண்டு. தோட்டாவில் இருப்பது புகையில்லா மருந்து. கரிமருந்தை அளக்கும் அதே குப்பியில் அதை அளந்தால் உள்ளே எழும் அழுத்தம் குழல் தாங்கும் எல்லையைத் தாண்டிவிடும். குழல் பிளப்பது அடிப்பக்கத்தில், அதாவது இடதுகையும் முகமும் இருக்கிற இடத்தில். பட்டாசு மருந்து இன்னும் கொடியது. அலுமினியத் தூள் கலந்த அது குண்டைத் தள்ளுவதற்கானதே அல்ல. இந்த இரண்டையும் எந்த அளவிலும் தொடாதீர்கள்.

பின்னால் மடக்கித் தோட்டா போடும் பழைய ஆங்கிலேய இரட்டைக்குழலுக்கும் இதே சிக்கல் உண்டு. குழலின் மேல் அலையலையாக வரி ஓடினால் அது டமாஸ்கஸ் குழல். இரும்பையும் எஃகையும் முறுக்கி ஒட்டியது. அவற்றில் பல கரிமருந்துக்கு மட்டுமே சோதித்தவை. குழலைக் கழற்றி அடிப்பக்கத்து முத்திரையைப் பாருங்கள். புகையில்லா மருந்துக்குச் சோதித்ததைக் காட்டும் 'நைட்ரோ' என்ற சொல் இல்லையென்றால் இன்றைய தோட்டா போடக் கூடாது. முத்திரை இருந்தாலும் உள்ளே துரு அரித்திருந்தால் அந்தச் சான்றுக்கு மதிப்பில்லை.

தோட்டா உள்ளே போகிறதே, சரியாகத்தான் இருக்கும் என்று நினைப்பதும் தவறு. பழைய 12 போர் துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறைகள் பெரும்பாலும் இரண்டரை அங்குலம், அதாவது 65 மி.மீ. இப்போதைய தோட்டா 70 மி.மீ. இந்த நீளம் சுட்ட பிறகு விரிந்த கூட்டின் நீளம். சுடாதபோது வாய் மடிந்திருப்பதால் சின்ன அறையிலும் வழுக்கிக்கொண்டு போய்விடும். சுடும்போது வாய் விரிய இடமில்லாமல் ரவை (தோட்டாவிலுள்ள சின்ன ஈயக் குண்டுகள்) போகும் வழியை இறுக்கும்.

ரைஃபிளில் பெயரே ஏமாற்றும். '8 மி.மீ.' என்ற பெயரில் பல தோட்டாக்கள் உண்டு. வங்காளத்து இஷாப்பூர் அரசு ஆலையில் செய்த .315 ரைஃபிளுக்கு உரியது 8 மி.மீ. மேன்லிக்கர் வகை, அதை மவுசர் தோட்டாவோடு குழப்பக் கூடாது. மவுசரிலேயே பழைய குழலுக்கு .318 அங்குலக் குண்டு, பிந்தையதற்கு .323. பெரிய குண்டைச் சின்னக் குழலில் தள்ளினால் அழுத்தம் எகிறும். குழலில் பொறித்திருப்பதும் தோட்டாவின் அடியில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

காணொளி பார்த்து வீட்டிலேயே தோட்டா நிரப்பலாம் என்ற ஆசை சில இளைஞர்களுக்கு இருக்கிறது. அமெரிக்காவில் அது பொழுதுபோக்கு. அங்கேயும் கையேட்டில் உள்ள உச்ச அளவைவிடப் பத்து சதவீதம் குறைத்துத்தான் தொடங்குவார்கள். இங்கே தயாரிப்பு உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது 1959 ஆயுதச் சட்டப்படி கடுமையான குற்றம். உரிமம் பெற்ற கடையில், உரிமத்தில் எழுதியுள்ள போருக்கு மட்டும் வாங்குங்கள்.

பரணில் கிடந்த துப்பாக்கியின் குழலில் குளவி மண்கூடு கட்டியிருக்கும். வெளிச்சம் காட்டி உள்ளே பார்க்காமல் தோட்டா போடாதீர்கள். ஈரத்தில் ஊதிய காகிதத் தோட்டாவை விட்டுவிடுங்கள். விசை இழுத்தும் வெடிக்கவில்லையா, குழலை ஆளில்லாத பக்கம் நீட்டியபடி அரை நிமிடமாவது பொறுத்துவிட்டுத் திறங்கள்.

இன்னொன்று. பயிர்ப் பாதுகாப்பு உரிமம் வேட்டைக்கான அனுமதி இல்லை. பன்றியோ மானோ, சுட்டால் 1972 வனவிலங்குச் சட்டத்தில் வழக்குதான். உரிமம் வைத்திருந்தவர் இறந்துவிட்டால் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்துவிட்டு, அப்புறம் வாரிசு உரிமத்துக்குக் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுங்கள்.