தடைக்காலம் முடியும்போது காலேஜ் பீஸ் வந்து நிற்கும்

பாம்பன், மண்டபம் பக்கம் பிள்ளையை வெளியூர் காலேஜில் சேர்க்கிற வீடுகளுக்கு ஒரு சங்கடம் உண்டு. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, விசைப்படகு கரையில் கிடக்கும், இஞ்சின் வேலை, பெயிண்ட், வலை என்று கையில் இருந்ததும் கரைந்திருக்கும், அந்த நேரம் பார்த்து பீஸ், ஹாஸ்டல் டெபாசிட், மெஸ் அட்வான்ஸ் எல்லாம் ஒன்றாக வரும். தடை முடிந்த பிறகும் வாரத்தில் மூன்று நாள்தான் கடல், காற்று அடித்தால் கடலுக்குப் போக மீன்வளத் துறை கொடுக்கிற டோக்கனும் கிடையாது. அதனால் மாதச் சம்பளக்காரர்கள் சொல்கிற கணக்கு நமக்குப் பாதிதான் ஒத்துவரும்.

என் மகள் மதுரையில் சேர்ந்த வருடம் நான் ஒரு தப்புப் பண்ணினேன். தடை முடிந்து முதல் தடவை கடலுக்குப் போனதில் கொஞ்சம் நல்ல காசு வந்தது, அடுத்து எப்போது வருமோ என்ற பயத்தில் 6,000 ரூபாயை மொத்தமாக அவள் கணக்கில் போட்டுவிட்டேன். பக்கெட், தலையணை, ரெக்கார்டு நோட்டு, தோழிகளோடு இரண்டு தடவை ஹோட்டல் என்று மூன்றாவது வாரமே தீர்ந்துவிட்டது. அவள் வாயைத் திறக்கவில்லை. மெஸ் இல்லாத ஞாயிற்றுக்கிழமை ராத்திரிகளில் பிஸ்கட் தின்று படுத்திருக்கிறாள் என்பது தீபாவளிக்கு வந்தபோதுதான் தெரிந்தது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்புறம் மாற்றினோம். பணம் மொத்தமாக வந்தாலும் அது என் கணக்கிலேயே இருக்கும், ஞாயிற்றுக்கிழமை காலையில் வாரத்துக்கு 600 போகும். மீன்பாடு நன்றாக இருந்த வாரமும் 600தான், கடலுக்கே போகாத வாரமும் 600தான். வடகிழக்குப் பருவமழை சமயத்தில் கடல் அடிக்கடி மூடிக்கொள்ளும் என்பதால், ஆகஸ்ட், செப்டம்பரிலேயே ஆறு வாரக் காசைத் தனியாக ஒதுக்கிவிடுகிறேன். உங்கள் பிள்ளைக்கு 400 போதுமா, 900 வேண்டுமா என்பது ஊரையும் ஹாஸ்டலையும் பொறுத்தது. ஆனால் வாரக் கணக்காகவே கொடுங்கள். பதினெட்டு வயதில் ஒரு வாரத்தை எண்ணிப் பார்க்க முடியும், ஒரு மாதம் என்பது நீளம்.

கிளம்புவதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதுங்கள். டீ, சோப்பு, ரீசார்ஜ், பஸ் எல்லாருக்கும் ஞாபகம் வரும். ஜெராக்ஸ், தேர்வுக் கட்டணம், லேப் கோட்டு, துறை விழாவுக்கு வசூல், இவைதான் விட்டுப்போகும். இது தவிர ஊருக்கு வருகிற பஸ் காசு தனி. என் மகள் 500 ரூபாய்த் தாளை நாலாக மடித்து, ஆதார் கார்டு உறைக்குள் கார்டுக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். போன் தொலைந்தாலும், சார்ஜ் இறங்கினாலும், நடுராத்திரி கிளம்ப வேண்டி வந்தாலும் அந்தத் தாள் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும்.

கணக்கு இரண்டாக இருந்தால் நல்லது. செலவுக் கணக்கில் மட்டும் ஜிபே, போன்பே. இன்னொன்று அரசுப் பணத்துக்கு. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. காலேஜ் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும், கணக்கோடு ஆதார் இணைந்திருக்க வேண்டும், இதைச் சேருவதற்கு முன்னாலேயே வங்கிக்குப் போய்ப் பார்த்துவிடுங்கள். வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்றிதழையும் இ-சேவையில் முன்கூட்டியே வாங்கி வையுங்கள், பொறியியல் கலந்தாய்வில் கல்விக் கட்டணச் சலுகைக்கு அது வேண்டும். அந்த 1,000-ஐ நாங்கள் வாரச் செலவில் சேர்ப்பதில்லை. தேர்வுக் கட்டணமும் புத்தகமும் அதிலிருந்துதான்.

இன்னொரு விஷயம், இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். "உன் பேங்க் கணக்கையும் ஏடிஎம் கார்டையும் கொடு, பணம் வந்து போகும், உனக்கு கமிஷன்" என்று காலேஜ் பிள்ளைகளைத் தேடி ஆள் வருகிறார்கள். அது மோசடிப் பணம். கணக்கு முடங்கும், போலீஸ் தேடி வருவது நம் பிள்ளையைத்தான். லோன் ஆப்பும் அப்படித்தான், 3,000 கடனுக்குப் போனில் இருக்கிற எல்லா நம்பருக்கும் கூப்பிட்டு அசிங்கப்படுத்துவார்கள். ஜிபே, போன்பேயில் நமக்குப் பணம் வர ரகசிய எண்ணை (PIN) போடத் தேவையே இல்லை, யாராவது போடச் சொன்னால் அது நம் பணத்தை எடுக்கத்தான். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. அழைக்கத் தாமதமாக ஆகப் பணம் கைமாறிப் போய்விடும், அதனால் முதல் போன் 1930-க்கு, இரண்டாவது போன் அம்மாவுக்கு, திட்டமாட்டேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

திட்டாமல் இருப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. 40 ரூபாய் ஜூஸுக்குக் கேள்வி கேட்டால் அடுத்த தடவை அந்த 40 ஜெராக்ஸ் என்று மாறிவிடும். இப்போது ஞாயிற்றுக்கிழமை ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன், கையில் எவ்வளவு மிச்சம் என்று. பதிலுக்கு வீட்டு நிலையையும் மறைப்பதில்லை. "இந்த வாரம் டோக்கன் கொடுக்கலை, அப்பா வலை சரிபண்ணிக்கிட்டு இருக்காரு, உன் 600 தனியா இருக்கு" என்று சொல்லிவிடுவேன். பிள்ளை பயப்படக் கூடாது என்று முதலில் மறைத்தேன். மறைத்தபோதுதான் அவளும் மறைத்தாள்.

முதல் லீவுக்கு வரும்போது செலவு நோட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். குற்றம் கண்டுபிடிக்க இல்லை, நாம் போட்ட கணக்கைத் திருத்த. நான் ஜெராக்ஸுக்கு மாதம் 100 போட்டிருந்தேன், அவள் நோட்டில் டீ 12, ஜெராக்ஸ் 34, ஜெராக்ஸ் 28, பேனா 10 என்று வரிசையாக எழுதி, மாதக் கடைசியில் ஜெராக்ஸ் மட்டும் 260 வந்திருந்தது. அந்த வாரத்திலிருந்து 600-ஐ 650 ஆக்கினேன்.