நட்பு ஆட்டத்துக்கு 23 பெயர்: லிஸ்ட் எழுதும் முறை

நான் குளச்சல் பக்கம் ஒரு ஐஸ் பிளாண்டில் கணக்கு எழுதுகிறவன். இந்திய கால்பந்து அணி எந்த நட்பு ஆட்டத்துக்குப் போனாலும், அணி அறிவிக்கும் முன்பே 23 பெயரை எழுதிவைப்பது எனக்கும் என் அக்கா மகனுக்கும் உள்ள பந்தயம். பில் புத்தகத்தின் கடைசித் தாள்களில் கார்பன் வைத்து எழுதுவோம். மேல்தாள் அவனிடம், நகல் என்னிடம். அப்புறம் யாரும் "நான் அந்தப் பெயரையும் எழுதியிருந்தேனே" என்று பேச முடியாது. இப்படி எழுதி எழுதித் தோற்றதில் சில விஷயங்கள் பிடிபட்டன. நீங்களும் எழுதிப் பார்க்க நினைத்தால் உதவும்.

பெயரில் இருந்து தொடங்காதீர்கள். காலண்டரில் இருந்து தொடங்குங்கள். ஃபிஃபா ஒதுக்கும் சர்வதேச நாட்களுக்குள் ஆட்டம் விழுந்தால், கிளப்புகள் வீரரை விட்டே ஆகவேண்டும். அதற்கு வெளியே விழுந்தால் விடுவதும் விடாததும் அவர்கள் இஷ்டம். 2025 ஆகஸ்டில் காலித் ஜமீல் பயிற்சியாளராக வந்ததும் முதல் வேலையாக, மத்திய ஆசிய நாடுகள் நடத்தும் காஃபா நேஷன்ஸ் கோப்பைக்கு அணியைத் தஜிகிஸ்தான் கூட்டிப்போனார். தொடக்க ஆட்டம் ஆகஸ்ட் 29. ஃபிஃபா நாட்கள் செப்டம்பர் 1-இல்தான் ஆரம்பம். கொல்கத்தாவின் ஒரு பெரிய கிளப் ஆட்களை விடவில்லை. நான் காலண்டர் பார்க்காமல் அந்தக் கிளப்பின் பெயர்களை வரிசையாக எழுதி வைத்திருந்தேன். மொத்தமாகப் போச்சு.

ஃபிஃபா ரேங்கிங் கணக்கும் இதோடு சேர்ந்தது. 2018-இல் வந்த முறையில் நட்பு ஆட்டத்தின் எடை, அந்த நாட்களுக்குள் ஆடினால் 10, வெளியே ஆடினால் 5. தகுதிச் சுற்று ஆட்டத்துக்கு 25. தோற்றாலும் சேதம் குறைவு என்பதால்தான் பயிற்சியாளருக்குப் புது ஆளை இறக்கிப் பார்க்கும் தைரியம் வருகிறது.

அடுத்து, இந்த ஆட்டத்துக்குப் பின்னால் என்ன ஆட்டம் நிற்கிறது என்று பாருங்கள். என் கணக்கில் பாதி விடை இங்கேதான் கிடைக்கிறது. நட்பு ஆட்ட லிஸ்ட் என்பது நாட்டின் சிறந்த 23 பேர் அல்ல. பயிற்சியாளருக்கு விடை தெரியவேண்டிய கேள்விகள் சில இருக்கும், அந்த லிஸ்ட் அவற்றுக்காகப் போடுவது. 2025 மார்ச்சை எடுத்துக்கொள்ளுங்கள். 19-ஆம் தேதி ஷில்லாங்கில் மாலத்தீவுடன் நட்பு ஆட்டம். அதே மைதானத்தில் 25-ஆம் தேதி வங்கதேசத்துடன் ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்று. அப்படியென்றால் முதலாவது வெறும் ஒத்திகை. புதுமுகம் அதிகம் இருக்காது என்று சரியாகவே கணித்தேன்.

ஆனால் கேள்வி என்ன என்பதைக் கோட்டைவிட்டேன். 2024-இல் இந்தியா 11 ஆட்டம் ஆடி ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. கோல் போட ஆள் இல்லை, கேள்வி அதுதான். அதற்கு அப்போதைய பயிற்சியாளர் மனோலோ மார்க்கேஸ் கண்ட விடை, ஒன்பது மாதம் முன்பு கொல்கத்தாவில் கையசைத்து விடைபெற்றுப் போன சுனில் சேத்ரி. நாற்பது வயதில் திரும்பி வந்தார், மாலத்தீவுக்கு எதிராக ஒரு கோலும் போட்டார், 3-0.

"ரிட்டயர் ஆனவரை எப்படி மாமா எழுதுறது?" என்றான் அக்கா மகன்.

"மக்கா, ஐ.எஸ்.எல்.-ல அந்த சீசன் அவரை விட அதிகமா கோல் போட்ட இந்தியன் யாரு, சொல்லு பாப்போம்."

அவனிடம் பதில் இல்லை. என் தாளிலும் அந்தப் பெயர் இல்லை என்பதை நான் சொல்லவில்லை. கார்பன் நகல் சொல்லிவிட்டது.

சரி, இப்போது பேனாவை எடுக்கலாம். 23 என்ற எண்ணுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. கோல்கீப்பர் போக பத்து இடம், இடத்துக்கு இரண்டு பேர், ஆக 20. கோல்கீப்பர் மூன்று. தாளில் ஆட்டக்களம் போல பத்து வட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு பெயர் எழுதுங்கள். எந்த வட்டத்தில் இரண்டாவது பெயருக்குப் பேனா தயங்குகிறதோ அங்கே புது ஆள் வருவான். எனக்கு லெஃப்ட் பேக், அதாவது இடது ஓரத் தடுப்பாளர் வட்டத்தில் எப்போதும் தயக்கம். நடு ஸ்ட்ரைக்கர் வட்டத்தில் சில நேரம் முதல் பெயருக்கே தயக்கம்.

அந்த ஸ்ட்ரைக்கர் இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். ஐ.எஸ்.எல்.-இல் ஒரு அணி நான்கு வெளிநாட்டவரைக் களத்தில் வைக்கலாம். அதில் ஒருவரைப் பெரும்பாலான கிளப்புகள் முன்னால் கோல் போடத்தான் வாங்குகின்றன. நம் பையன்கள் விங்குக்கு, அதாவது ஓரத்துக்கு, தள்ளப்படுகிறார்கள். மன்வீர் சிங் கிளப்பில் வலது ஓரம் ஓடுவார், இந்தியாவுக்கு நடுவிலும் நின்றிருக்கிறார். ஆகவே ஒருவர் கிளப்பில் எந்த இடத்தில் ஆடுகிறார் என்பதை மட்டும் வைத்து வட்டத்தில் போட்டால் விங்கில் ஆறு பேரும் நடுவில் சூனியமும் வரும். விங் ஆட்களில் யாரை நடுவுக்கு நகர்த்தலாம் என்று பென்சிலில் ஒரு அம்பு போட்டு வையுங்கள்.

கோல் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள், நிமிடத்தைப் பாருங்கள். கடைசி ஐந்தாறு வாரத்தில் கிளப்புக்கு முழு ஆட்டம் ஆடினாரா, 80-ஆவது நிமிடத்தில் வந்து வியர்க்காமல் போனாரா? பயிற்சியாளரின் கிளப் எது என்பதும் முக்கியம். மார்க்கேஸ் அதே நேரம் எஃப்.சி. கோவாவுக்கும் பயிற்சியாளராக இருந்தார். தினமும் கண்முன்னால் ஓடுகிற ஆள் மேல் நம்பிக்கை வருவது இயற்கைதானே. அப்போது கோவா ஆட்களுக்கு என் தாளில் ஒரு சீட்டு கூடுதலாகவே கொடுத்தேன், தப்பவில்லை.

தகுதிச் சுற்றில் அட்டை வாங்கித் தடைபட்டவரை நட்பு ஆட்ட லிஸ்டில் இருந்து அடித்துவிடாதீர்கள். அந்தத் தடை நட்பு ஆட்டத்தில் கழியாது, ஆடவும் தடுக்காது. இதேபோல இன்னொரு சலுகையும் உண்டு. நட்பு ஆட்டம் ஒருவரை ஒரு நாட்டோடு கட்டிப்போடாது. தியேகோ கோஸ்தா 2013-இல் பிரேசிலுக்கு இரண்டு நட்பு ஆட்டம் ஆடிவிட்டு அடுத்த ஆண்டு ஸ்பெயினுக்காக உலகக் கோப்பை ஆடினார். நம்மிடமே ரயான் வில்லியம்ஸ் இருக்கிறார். 2019-இல் ஆஸ்திரேலியாவுக்காகத் தென் கொரியாவுடன் ஆடியது ஒரே ஒரு நட்பு ஆட்டம். அதனால்தான் 2025-இல் இந்தியப் பாஸ்போர்ட் வாங்கியதும் காலித் ஜமீல் அவரைக் கேம்புக்கு அழைக்க முடிந்தது.

23 பேரும் ஆடுவார்கள் என்று எண்ணவேண்டாம். 2003 பிப்ரவரியில் அப்டன் பார்க்கில் ஆஸ்திரேலியாவோடு ஆடிய இங்கிலாந்து, இடைவேளையில் பதினொரு பேரையும் மாற்றியது. இரண்டாம் பாதியில் பதினேழு வயது வெய்ன் ரூனி முதன்முதலாக வந்தார். இங்கிலாந்து 1-3 என்று தோற்றது. இப்படியே போனால் நட்பு ஆட்டம் கேலியாகிவிடும் என்று 2004-இல் ஃபிஃபா மாற்று ஆட்டக்காரருக்கு ஆறு என்று உச்சவரம்பு வைத்தது. ஆகவே உங்கள் லிஸ்டின் கடைசிச் சில பெயர் பெஞ்சிலேயே இருந்து வருகிறவர்கள். பயிற்சியாளருக்கும் அது தெரியும். அந்த இடங்களில்தான் 20, 21 வயதுப் பையன்களைப் பழக்கத்துக்குக் கூட்டிப்போவார்கள். மூன்றாவது கோல்கீப்பரையும் அந்தக் கண்ணோடு எழுதுங்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு என் பலவீனத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் மாவட்டத்து மைக்கேல் சூசைராஜ் 2019-இல் இந்தியாவுக்கு ஆடினார். அடுத்த ஆண்டு ஐ.எஸ்.எல்.-இன் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போயிற்று. அதற்கப்புறமும் இரண்டு வருஷம் அவர் பெயரை நான் லிஸ்டில் எழுதிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு மார்க் போகும் என்று தெரியும். மருமகன் அதை "மாமாவின் காணிக்கை" என்பான். உங்கள் ஊர்ப் பையனுக்கு ஒரு இடம் வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. இரண்டு வைக்காதீர்கள்.

எழுதி முடித்ததும் கீழே இரண்டு பெயரைத் தனியாகப் போடுங்கள். காயத்தால் யாராவது விலகினால் உள்ளே வரக்கூடியவர்கள் இவர்கள். முதல் அறிவிப்பில் இருக்கும் பெயருக்கு ஒரு மார்க், பின்னால் சேர்க்கப்படும் பெயருக்கு அரை. 23-க்கு 18 வாங்கினால் நல்ல எழுத்து. என் மோசமான மார்க் 13, அந்த காஃபா லிஸ்டுக்கு. தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். போன தடவை அவன் அறிவிப்பு வந்து பத்து நிமிஷம் கழித்து ஐஸ் தூள் மேல் வழுக்கிக்கொண்டு ஓடிவந்து, "மாமா, வண்டி பஞ்சர், லிஸ்ட் நேத்தே எழுதிட்டேன்" என்று ஈரத்தாள் ஒன்றை நீட்டினான். வாங்கிப் பார்த்தேன். 23-க்கு 23. மடித்து அவன் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டேன்.