அறிவியல் புனைவு நாவலை எப்படிப் பரிந்துரைப்பது, எப்படி வாதிடுவது

"நல்ல சயின்ஸ் ஃபிக்‌ஷன் நாவல் ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்பவரிடம் உடனே உங்களுக்குப் பிடித்ததைச் சொல்லிவிடாதீர்கள். அவர் கடைசியாக முழுசாகப் படித்தது எது, பாதியில் மூடி வைத்தது எது என்று கேளுங்கள். இரண்டாவது பதில்தான் அவரை அதிகம் காட்டிக்கொடுக்கும்.

புரியாத பெயர்கள் வந்தாலே புத்தகத்தை மூடிவிடுபவருக்கு ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் ‘டியூன்’ வேண்டாம். புதுச் சொற்களை விளக்காமலே கதை ஓடும். கொடுத்தே ஆகவேண்டுமென்றால், கடைசியில் சொற்பட்டியல் இருப்பதைச் சொல்லிக் கொடுங்கள். துப்பறியும் கதை ரசிகருக்கு அசிமோவின் ‘தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்’ சரியாக வரும்: ஒரு கொலை, துப்பறியும் ஒரு போலீஸ்காரர், கூட ஒரு ரோபோ. தமிழில் மட்டும் படிப்பவர் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’விலிருந்து தொடங்கலாம். ‘மீண்டும் ஜீனோ’ அதன் தொடர்ச்சி, முந்திக்கொண்டு அதைக் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

ஒரு நேரத்தில் ஒரு நாவல் போதும். பத்துப் பெயர் அடுக்கினால் ஒன்றைக்கூடப் படிக்க மாட்டார். கதையின் அடிப்படை என்ன என்று ஒரு வரி, எந்த இடத்தில் மெதுவாகும் என்று ஒரு வரி, அவ்வளவுதான். "கடைசியில் பெரிய திருப்பம் இருக்கு" என்பதும் ஸ்பாய்லர்தான். அதைக் கேட்டவர் கதையை விட்டுவிட்டுத் திருப்பத்தைத் தேடிக்கொண்டே படிப்பார்.

எந்தப் பதிப்பு என்பதையும் சொல்லுங்கள். போலந்து எழுத்தாளர் லெம்மின் ‘சோலாரிஸ்’ ஆங்கிலத்தில் வெகுகாலம் பிரெஞ்சு வழியாக வந்த மொழிபெயர்ப்பாகவே கிடைத்தது. போலிஷிலிருந்து நேரடியாகச் செய்த மொழிபெயர்ப்பு 2011-இல்தான் வந்தது. லியு சிஷினின் ‘தி த்ரீ-பாடி ப்ராப்ளம்’ ஆங்கிலத்தில் கலாச்சாரப் புரட்சிக் காட்சியோடு தொடங்குகிறது. சீன நூற்பதிப்பில் அது நடுவில் வரும். இதைக் கவனிக்காமல் நாவலின் தொடக்கத்தைப் பற்றிச் சண்டை போட்டால் இருவரும் வேறு வேறு புத்தகத்தைப் பேசிக்கொண்டிருப்பீர்கள்.

வாதத்துக்கு ஆறேழு பேர், ஒன்றரை மணி நேரம் போதும். யார் எதுவரை படித்திருக்கிறார் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பிடிக்காதவர்களை முதலில் பேசவிடுங்கள். ரசிகர்கள் தொடங்கினால் மற்றவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். குறை சொல்பவர் பக்கத்தைப் புரட்டி அந்தப் பத்தியை வாசித்துக் காட்டவேண்டும்.

‘அறிவியல் தப்பு’ என்ற குற்றச்சாட்டு வந்தால் ஒரே கேள்வி கேளுங்கள்: அந்தத் தப்பைத் திருத்தினால் கதையில் எது இடியும்? லாரி நிவெனின் ‘ரிங்வேர்ல்ட்’ இதற்கு அருமையான உதாரணம். 1970-இல் வந்த முதல் அச்சில், நாயகன் தன் பிறந்தநாளை நீட்டிக்கக் கிழக்கு நோக்கி ஊர் ஊராகத் தாவுகிறான். மேற்கே போனால்தான் நாள் நீளும். அடுத்த அச்சுகளில் திசையை மாற்றினார்கள், கதைக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு தப்பு பெரியது. கதை நடப்பதே ஒரு நட்சத்திரத்தைச் சுற்றிக் கட்டிய திடமான வளையத்தில். அப்படியொரு வளையம் தானாக மையத்தில் நிற்காது. கொஞ்சம் விலகினாலும் மேலும் விலகி, கடைசியில் நட்சத்திரத்தில் இடிக்கும். 1971-இல் பாஸ்டனில் நடந்த உலக அறிவியல் புனைவு மாநாட்டில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கல்வி நிறுவன மாணவர்கள் இதைக் கோஷமாகவே எழுப்பினார்கள். நிவென் அடுத்த நாவலில் வளையத்தை இடத்தில் நிறுத்த அதன் விளிம்பில் உந்துகலங்களைப் பொருத்தினார். அந்த நாவலின் சிக்கலே அங்கிருந்துதான் பிறந்தது. முதல் தப்பைப் பற்றி ஒரு நிமிடம் பேசினால் போதும், இரண்டாவதற்கு ஒரு மாலையே கொடுக்கலாம்.

ஆண்டி வியரின் ‘தி மார்ஷியன்’ நாவலில் நாயகனைச் செவ்வாயில் தனியாக விட்டுப்போக வைக்கும் புழுதிப்புயலையும் இதே கேள்வியால் சோதியுங்கள். செவ்வாயின் காற்றழுத்தம் பூமியில் உள்ளதில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு; அந்தக் காற்று விண்கலத்தைச் சாய்க்காது. ஆனால் நாயகன் தனியாக விடப்பட வேறொரு விபத்தும் போதும். உயிர் பிழைக்க அவன் அங்கே விளைவிக்கும் உருளைக்கிழங்கின் கணக்கில் ஓட்டை விழுந்தால்தான் நாவல் ஆட்டம் காணும்.

கணிப்பு பலித்ததா என்று மார்க் போடுவதை ஆரம்பத்திலேயே நிறுத்துங்கள். ‘என் இனிய இயந்திரா’வில் குழந்தை பெறவே அரசின் அனுமதி வேண்டும். அது நடந்ததா என்று போனால் பேச்சு செய்தித்தாளுக்குத் தாவிவிடும். நாயகி நிலா அந்த அனுமதிக்கு ஏன் அவ்வளவு சந்தோஷப்படுகிறாள் என்று கேட்டுப் பாருங்கள், எல்லோரும் புத்தகத்தைத் திறப்பார்கள்.